ஜி.டி. நாயுடு கேட்ட இரண்டு ஆண்டுகள்

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23 அன்று பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிப் படிப்பை முழுமையாக முடித்தவரல்லர். ஒரு மோட்டார் சைக்கிளின் மீது கொண்ட ஆசைக்காக, கோவை உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தவர். வாங்கியதும் வண்டியைக் கழற்றிப் பிரித்து, மீண்டும் பூட்டிப் பார்த்தார். அவருடைய பொறியியல் வகுப்பு அதுதான்.

ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு 1920-இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். யு.எம்.எஸ். என்ற பெயரில் அந்த ஒற்றைப் பேருந்து பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரத்துடன் இணைந்து மின் மோட்டார் தயாரித்தார். சவரக் கத்தி முதல் வேளாண்மை ஆய்வு வரை அவர் கைவைத்தவை பல. அவற்றைப் பட்டியலிடும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை.

தொழிலக மேலாண்மையின் முன்னோடி என மாணவர்களுக்கு முதலில் அறிமுகமாகிறவர் அமெரிக்கரான டெய்லர். தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரம் கொண்டு அளந்த அவரது நூல் 1911-இல் வெளிவந்தது. கடிகாரத்தைப் பிடித்திருப்பவர் ஒருவர், அளக்கப்படுபவர் வேறொருவர் என்பது அந்த முறையின் அடிப்படை. நாயுடுவோ பரிமாறியவர், ஓட்டியவர், பிறகு நிர்வகித்தவர். ஆகவே மேலாண்மை பயிலும் நம் மாணவர்களுக்கு டெய்லருக்கு முன்பே இவரைச் சொல்லித் தரவேண்டும் என்பது என் கருத்து.

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக நாயுடு காரணமாக இருந்தார். அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் வீண், இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவரது வாதம். அரசு இணங்கவில்லை, அவர் விலகினார். அக்கல்லூரியே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

இந்த வழக்கில் நான் பாதி அவர் பக்கம். என் ஊரான வடக்கனந்தலிலும் கல்வராயன் மலையடிவார ஊர்களிலும், வீட்டின் முதல் பட்டதாரியாகப் பொறியியல் சேரும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஓர் ஆண்டு என்பது ஒரு கடன் தவணை, ஓர் ஆண்டுக் கூலி இழப்பு. இயந்திரத்தைக் கற்க இரண்டு ஆண்டுகள் போதும் என்றால் மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனால், இயந்திரம் மட்டுமா பாடம்? இப்பகுதியில் கரும்பு முக்கியப் பயிர். வெட்டிய கரும்பு அரவைக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் காய்கிறது. எடையும் குறைகிறது, சர்க்கரையும் குறைகிறது. விவசாயிக்கு விலை எடைமேடையில்தான். எந்த ஆலையிலும் அரவை தடைபடக் கூடாது என்று வாசலில் எப்போதும் வண்டிகளை நிறுத்தி வைக்கும் திட்டத்தைத் தொழிலகப் பொறியாளர் எளிதாகத் தீட்டிவிடலாம். கணக்குப்படி ஆலையின் திறன் உயர்ந்திருக்கும். அந்த உயர்வின் செலவு, கணக்கில் இடம்பெறாத ஒருவருடைய வண்டியில் காய்ந்து கொண்டிருக்கும். வெட்டு உத்தரவை அரவை வேகத்தோடு பொருத்துவது நுட்பப் பிரச்னை. காத்திருப்பின் இழப்பையும் அறிக்கையில் எழுதுவதா, விடுவதா என்பது நெறிப் பிரச்னை. முதலாவதற்குச் சூத்திரம் உண்டு.

நாயுடு சொன்ன இரண்டு ஆண்டுகளை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டில் ஒரு பகுதியை மாணவர் எடைமேடை வரிசையிலும் பேருந்துப் பணிமனையிலும் கழிக்கட்டும் என்பேன். இப்போது தொழில் நெறிமுறை பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்யும் ஒரு தாளாகவே இருக்கிறது.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். பொறியியல் பட்டப்படிப்பு இன்றும் நான்கு ஆண்டுகள்தான்.