ராபர்ட் வில்லியம்ஸ் வுட்

ராபர்ட் வில்லியம்ஸ் வுட் (மே 2, 1868 – ஆகஸ்ட் 11, 1955) ஓர் அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். புற ஊதா, அகச்சிவப்பு ஒளிப்படவியலின் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு நகரில் பிறந்த வுட், 1891 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் பெர்லினில் பயின்றார். 1901 முதல் 1938 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

1904 இல், பிரெஞ்சு இயற்பியலாளர் புளோண்ட்லோ கண்டறிந்ததாக அறிவித்த என்-கதிர்களைக் காண நான்சி நகருக்குச் சென்றார். இருட்டறையில் கருவியின் அலுமினியப் பட்டகத்தை எவரும் அறியாமல் அகற்றினார். அதன் பின்னரும் கதிர்கள் தென்படுவதாகவே கூறப்பட்டது! அவை வெறும் தோற்ற மயக்கமே என்பதை வுட் வெளிப்படுத்தினார். காண்பது எதனால் விளைகிறது எனச் சோதிக்கும் இக்கவனம் அவரது ஒளிப்படப் பணியிலும் உண்டு.

புற ஊதா ஒளிப்படவியல்

அக்கால ஒளிப்படத் தகடுகள் புற ஊதாவைப் பதிவு செய்யும் திறன் பெற்றிருந்தன. ஆனால் அவை நீல ஒளியையும் சேர்த்தே பதிவு செய்தன. சாதாரணக் கண்ணாடி வில்லையோ புற ஊதாவின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். ஆகவே வுட், குவார்ட்சு வில்லையின் மீது தடித்த வெள்ளிப் படலம் பூசினார். வெள்ளி, கண்ணுறு ஒளியைத் தடுத்து, 320 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் ஊடுருவ விடும்.

1910 இல் அவர் வெளியிட்ட படங்களில் வெள்ளைப் பூக்கள் கருமையாகத் தோன்றின. வெயிலில் நிற்கும் மனிதரின் நிழல் ஏறத்தாழ மறைந்துபோயிற்று. புற ஊதா, வானெங்கும் சிதறி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதே காரணம். நிலவில் அரிஸ்டார்க்கசு பள்ளத்தருகே கண்ணுக்குப் புலப்படாத கரும்பகுதி ஒன்றையும் கண்டறிந்தார். அது கந்தகப் படிவாக இருக்கலாம் எனக் கருதினார்.

வுட் கண்ணாடி

முதல் உலகப் போர்க்காலத்தில், மறைவான சைகை விளக்குகளுக்காக, நிக்கல் ஆக்சைடு கலந்த கருங்கண்ணாடியை உருவாக்கினார். இது கண்ணுறு ஒளியைத் தடுத்துப் புற ஊதாவைக் கடத்தும்; அத்துடன் அகச்சிவப்பையும் ஓரளவு கடத்தும். சாதாரண ஒளிப்படத் தகடுகள் அகச்சிவப்பை உணராததால் அவற்றுக்கு இது குறையாகவில்லை.

எண்ணிம ஒளிப்படக்கருவியில் இதுவே பெரும் இடராகிறது. அதன் சிலிக்கான் உணரி, புற ஊதாவைவிட அகச்சிவப்பை மிகுதியாக உணரும். உணரியின் முன் உற்பத்தியாளர் பொருத்தும் வடிகட்டி இரண்டையுமே தடுப்பதால், புற ஊதாப் படம் எடுப்போர் அதனை அகற்றுகின்றனர். அப்போது அகச்சிவப்புக் கசிவைத் தடுக்க வேறொரு கண்ணாடியை வுட் கண்ணாடியுடன் சேர்க்க வேண்டும். சேர்க்காவிடில், புற ஊதாப் படமெனத் தோன்றுவது பெரும்பாலும் அகச்சிவப்புப் படமாகவே இருக்கும். இலைகளே இதனைக் காட்டிக்கொடுக்கும். புற ஊதாவில் கருமையாக இருக்கவேண்டிய அவை, அகச்சிவப்பில் பளிச்சென வெளுத்துத் தோன்றும். இந்நிகழ்வுக்கு வுட் விளைவு என்றே பெயர்.