ஐந்து வயதுவரை பேசாத பிள்ளை

நவராத்திரி வந்தால் நம் பினாங்குக் கோயில்களில் சகலகலாவல்லி மாலை பாடுகிறோம். எழுதியவர் யார்னு கேட்டால் சமய வகுப்புப் பிள்ளைகள் குமரகுருபரர் என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். அவர் ஐந்து வயதுவரை பேசவே இல்லை என்பதும் நமக்குத் தெரியும். முருகன் அருளால் பேசினார் என்று கேட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கோ அந்த வரலாற்றில் அவருடைய அப்பா அம்மாவைத்தான் அதிகம் பார்க்கத் தோன்றுகிறது.

17ஆம் நூற்றாண்டு. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம். அப்பா சண்முகசிகாமணிக் கவிராயர், அம்மா சிவகாமசுந்தரி அம்மையார். தமிழ்ப் பாட்டிலேயே வாழ்ந்த குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் பேச்சு வரவில்லை. ஊர் என்ன பேசியிருக்கும்? நம்ம தாமான்களில் இன்றைக்கும் பேசுவதைத்தான் பேசியிருக்கும்: யார் செய்த பாவமோ, யார் கண் பட்டதோ என்று.

பெற்றோர் பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைக்கவில்லை. இருவரும் சேர்ந்து, அவனையும் அழைத்துக்கொண்டு திருச்செந்தூர் போனார்கள். முருகன் சந்நிதியில் விரதம் இருந்தார்கள். அங்கேதான் பிள்ளை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினான் என்பது மரபு. பேச்சு வந்த பிறகுதான் அவன் அவர்களுக்கு மகன் ஆனான் என்றில்லை. பேசாத ஐந்து வருஷமும் மகனாகவே இருந்தான்.

பிறகு மதுரை போனார். திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியது. தருமபுரம் மாசிலாமணி தேசிகரைக் குருவாக ஏற்றார். வைத்தீசுவரன் கோயிலில் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். அந்தத் தலத்தில் சிவபெருமானுக்கே வைத்தியநாதர் என்றுதான் பெயர். டாக்டரிடம் போனால் சாமி மேல் நம்பிக்கை இல்லையென்று ஆகிவிடும் என நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

பிள்ளைத்தமிழ் என்றால் என்ன? குழந்தை வளர்வதைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவது. செங்கீரையில் குழந்தை தலை தூக்கி ஆடும். சப்பாணியில் கை தட்டும். வருகையில் தளர்நடை போட்டு வரும். அம்புலியில் நிலாவை விளையாடக் கூப்பிடுவார்கள். எந்த மாதத்தில் பிள்ளை எதைச் செய்யும் என்று நம் தாய்மார்கள் கவனித்துக்கொண்டே இருந்ததால்தான் இப்படி ஓர் இலக்கியமே பிறந்தது. அந்த வகையில் தலைசிறந்த இரண்டு நூல்களைத் தந்தவர், பேச்சு தாமதமாக வந்த பிள்ளை.

கிளினிக்கில் நர்ஸ் சுகாதாரப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்பதும் அதே கேள்விகள்தான். 18 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, 2 வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள். அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம் என்று ஐந்து வயதுவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்குப் பேச்சுப் பயிற்சியாளர் கிடையாது; இன்றைக்கு இருக்கிறார்.

குறை உறுதியானால் அரசாங்க டாக்டர் கையெழுத்தோடு சமூக நலத்துறையில் ஓ.கே.யு. கார்டுக்குப் பதியலாம். 2008ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்காகவே வந்தது. கார்டு எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கார்டு பிள்ளையை மாற்றிவிடாது. உதவிக்கு வழி திறக்கும். பி.டி.கே. நிலையங்கள், சாதாரணப் பள்ளிகளிலேயே நடக்கும் சிறப்புக் கல்வி வகுப்புகள், காது கேளாத பிள்ளைகளுக்கென 1954இல் தொடங்கப்பட்டு, தஞ்சோங் பூங்காவில் இயங்கும் பள்ளி என்று நம் பினாங்கில் வாசல்கள் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். எல்லாப் பிள்ளைக்கும் பேச்சு வந்துவிடாது. சில பிள்ளைகள் படத்தைக் காட்டியும் கையசைத்தும்தான் மனசில் உள்ளதைச் சொல்வார்கள். அதனால் பெற்றோரின் விரதம் பொய்த்தது என்று யாரும் சொல்லக் கூடாது. குமரகுருபரரே காசிக்குப் போனபோது, அங்குள்ள மொழி தெரியாமல் சரஸ்வதியை வேண்டித்தான் சகலகலாவல்லி மாலை பாடினார் என்பார்கள். அந்த மொழியைக் கற்றுப் பேசி, காசியில் மடமும் அமைத்தார். புது ஊரில் பேச முடியாமல் நிற்கும் நிலைமை அவருக்கு வளர்ந்த பிறகும் வந்தது.

இளைஞர்களான நமக்கு இதில் வேலை இருக்கிறது. பாரம் நிரப்பத் தடுமாறும் அம்மாவோடு ஒரு நாள் நலத்துறைக்குப் போய் வரலாம். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரம் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு அப்படி ஒரு பிள்ளை வந்து, கூட்டத்தையும் மேளத்தையும் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், முறைத்துப் பார்க்காமல் வழிவிட்டு, உட்கார ஓர் இடம் பார்த்துத் தரலாம். அந்தக் குடும்பம் அடுத்த வருஷமும் தைரியமாகக் கோயிலுக்கு வரும்.