ஒரு மணி நேரத் தூரமும் தனிநாயகம் அடிகளாரும்

கட்டுநாயக்காவிலிருந்து பாரிஸ் சுமார் 8,500 கிலோமீற்றர். இன்று இடைநில்லா விமானத்தில் பத்து, பதினொரு மணி நேரம். கோலாலம்பூர் சுமார் 2,450 கிலோமீற்றர், மூன்றரை மணி நேரம். இரத்மலானையிலிருந்து பலாலியோ ஏறத்தாழ 330 கிலோமீற்றர்தான். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் தமிழ் ஆராய்ச்சியை இந்த மூன்று திசைகளுக்கும் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகளாருக்கு, மிகக் கிட்டிய இடமே மிகக் கடினமாக அமைந்தது.

அடிகளார் 1913 ஓகஸ்ட் 2 இல் ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொனில் பிறந்தார். கொழும்பில் குருத்துவக் கல்வி கற்று, 1934 இல் உரோமாபுரி சென்று குருவானார். தமிழை ஆழமாகக் கற்கத் தொடங்கியது அதன் பிறகுதான். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பண்டிதர் ஒருவரிடம் பாடம் கேட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தை ஆராய்ந்தார்.

யப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றித் தமிழைப் பற்றி உரையாற்றினார். 1554 இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலையும், 1679 இன் தமிழ்–போர்த்துக்கீச அகராதியையும் அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். தம் பயண அனுபவங்களை 'ஒன்றே உலகம்' என்ற நூலாக்கினார்.

1961 இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1964 இல் புதுடில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். மாநாடுகள் 1966 இல் கோலாலம்பூரிலும், 1968 இல் சென்னையிலும், 1970 இல் பாரிசிலும் நடந்தன.

நான்காவது மாநாட்டின் முறை இலங்கைக்கு வந்தது. கொழும்பில் நடத்துமாறு அரசு வற்புறுத்தியது. யாழ்ப்பாணத்திலேயே நடத்துவதென ஏற்பாட்டாளர்கள் உறுதியாக நின்றனர். தமிழகத்திலிருந்து வரவிருந்த அறிஞர்கள் சிலருக்கு விசா மறுக்கப்பட்டது. கொழும்பு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தூரம். ஆனால் அவர்களால் வரமுடியவில்லை. 1974 ஜனவரி 10, இறுதி நாள் இரவு, பொலிஸாரின் நடவடிக்கையில் மக்கள் சிதறி ஓட, மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் பறிபோயின. எத்தனையோ தேசங்களில் மதிப்போடு வரவேற்கப்பட்ட அடிகளார், சொந்த மண்ணில் கண்டது இதைத்தான். 1980 செப்டெம்பர் 1 இல் அவர் காலமானார்.

அதன்பின் வந்த போரில் அந்த ஒரு மணி நேரத் தூரம் இன்னும் நீண்டது. ஊருக்குத் திரும்பும் அனுமதிக்காக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. கிலோமீற்றர் மாறவில்லை, இடையில் நின்ற அனுமதிகளே பெருகின.

பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னைக்கு விமான சேவை தொடங்கியது. அடிகளார் மறைந்து அப்போது 39 ஆண்டுகள் கடந்திருந்தன.