பொறியியலாளராக விரும்பிய ஆசிரியை: மரியா மாண்டிசோரி



போன செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு, கோலா கிளாவாங்கிற்கு, வந்திருந்தேன். வழக்கம்போல ஞாயிறு காலை கோயில் சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆறு வயசுப் பையன் ஒருவன் புதுசாக வந்திருந்தான். ஓர் இடத்தில் உட்கார மாட்டான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். மற்றவர்கள் தேவாரம் படிக்கும்போது வாசலுக்குப் போய் எல்லாருடைய செருப்பையும் எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பான். மூன்றாவது வாரம், இன்னும் கொஞ்சம் பெரியவன் ஆனதும் கூட்டிட்டு வாங்க என்று அவன் அம்மாவிடம் நானே சொல்லி அனுப்பிவிட்டேன். அவங்க ஒன்றும் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போயிட்டாங்க.

என் பெரியம்மா மகள் பாலர் கல்வியும் சிறப்புக் கல்வியும் சேர்த்து ஆசிரியர் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். அன்றிரவு இதை அவரிடம் சொன்னபோது திட்டுவாங்க என்று நினைத்தேன். திட்டவில்லை. அந்தப் பையன் செருப்பை எந்த ஒழுங்கில் அடுக்கினான் என்று மட்டும் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வாரம் பார்த்தும் நான் அதைப் பார்க்கவே இல்லை. அக்கா தன் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, முதலில் இவரைப் பற்றிப் படி என்றார். அப்படித்தான் மரியா மாண்டிசோரி எனக்கு அறிமுகமானார்.

மரியா 1870 ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலியில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அரசாங்க அதிகாரி. அம்மா படிப்பில் ஆர்வம் உள்ளவர். குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண் பிள்ளை படித்தால் டீச்சர் ஆகலாம், அவ்வளவுதான் என்று ஊர் நினைத்த காலம் அது. மரியாவுக்கு அந்த ஒரு வேலைதான் வேண்டாம். கணக்கு பிடிக்கும் என்பதால் பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியியலாளர் ஆவதுதான் அப்போது அவர் ஆசை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஆள்!

பிறகு மனம் மாறி மருத்துவம் படிக்க முடிவெடுத்தார். அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. ஆண் மாணவர்களோடு சேர்ந்து உடற்கூறு வகுப்பில் இருக்கக் கூடாது என்பதால், மற்றவர்கள் போன பிறகு மாலையில் தனியாகப் பிணங்களை அறுத்துப் பயின்றார். 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அதற்காக அடிக்கடி மனநலக் காப்பகங்களுக்குப் போவார். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளையும் அந்தக் காலத்தில் பெரியவர்களோடு அங்கேயே அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு காப்பகத்தில், சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துகள்களைப் பொறுக்கினார்கள். காவல் பெண் அதை அசிங்கம் என்று முகம் சுளித்தாள். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மை இல்லை, ஒரு கட்டை இல்லை, கையில் எடுக்க ஒன்றுமே இல்லை. பசியால் பொறுக்கவில்லை, கைக்கு வேலை தேடிப் பொறுக்குகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. இது மருந்தால் தீரும் விஷயம் இல்லை, கல்வியால் தீர வேண்டியது என்ற முடிவுக்கு வந்தார்.

தனக்கு முன் யார் இதைச் செய்தார்கள் என்று தேடினார். பிரான்சில் இடார்ட் என்ற மருத்துவர், காட்டில் தனியாக வளர்ந்து 1800-இல் மனிதர் மத்திக்கு வந்த ஒரு சிறுவனுக்குப் பல ஆண்டுகள் கற்பித்திருந்தார். அவருடைய மாணவர் செகுயின், புலன்களுக்கும் கைக்கும் பயிற்சி தந்து அறிவை எழுப்பலாம் என்று காட்டியிருந்தார். உலகம் மறந்துபோன அந்தப் புத்தகங்களை மரியா பிரெஞ்சிலிருந்து இத்தாலிய மொழிக்குத் தன் கையாலேயே எழுதி எடுத்தார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் நின்று யோசிக்க அதுவே வழி என்று நினைத்தார்.

1900-இல் ரோமில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்போகும் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. மருத்துவர் மாண்டிசானோவும் மரியாவும் அதன் இணை இயக்குநர்கள். ஆசிரியர்கள் படிக்கும் அதே கட்டடத்தில் பிள்ளைகளின் வகுப்பும் இருந்தது. காலை 8 மணி முதல் இரவு 7 மணி வரை மரியா பிள்ளைகளோடு இருப்பார். இரவில் அன்று பார்த்ததை எழுதி வைப்பார். படிக்கவே முடியாது என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்ற பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே அதிசயப்பட்டது. மரியாவோ வேறு திசையில் யோசித்தார். இவர்களே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்றால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளை நம் பள்ளிகள் எப்படி இவ்வளவு கீழே பிடித்து வைத்திருக்கின்றன என்று கேட்டார். சிறப்புக் கல்வியில் கிடைத்த பாடம் பொதுக் கல்விக்குப் போனது இப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். மாண்டிசானோவுக்கும் மரியாவுக்கும் 1898-இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் இது வெளியே தெரிந்தால் அவர் வேலையே போய்விடும். குழந்தையைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்தார். உலகத்துப் பிள்ளைகளுக்கு வழி தேடியவருக்குத் தன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பதின்ம வயதில்தான் மாரியோ அம்மாவிடம் வந்து சேர்ந்தார். அதன் பிறகும் பல ஆண்டுகள் ஊர் அறிய மகன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

1907 ஜனவரி 6-ஆம் நாள், ரோமில் சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் மரியா முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை. அப்பா அம்மா வேலைக்குப் போய்விடுவார்கள். சின்னஞ்சிறுசுகள் படிக்கட்டிலும் சுவரிலும் கிறுக்கிக்கொண்டு திரியும். கட்டடத்தைச் சரிசெய்யும் செலவைவிடப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வது லாபம் என்று கட்டட நிர்வாகம் கணக்குப் போட்டது. என் பாட்டி ஜெலுபு பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். இருட்டோடு வேலைக்குக் கிளம்பும் முன் என் அப்பாவை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். தோட்டத்து ஆயாக் கொட்டகையும் சான் லொரென்ஸோ அறையும் ஒரே தேவையில் பிறந்தவைதான். மரியா அந்த அறையைப் பள்ளிக்கூடமாக ஆக்கினார் என்பதே வேறுபாடு.

அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கூட இல்லை. ஓர் இளம்பெண்ணை உதவிக்கு வைத்துக்கொண்டு, காப்பகப் பிள்ளைகளுக்காகச் செய்த அதே பொருள்களை மேசைமேல் வைத்தார். 1 சென்டிமீட்டரில் தொடங்கி 10 சென்டிமீட்டர் வரை அளவு கூடிக்கொண்டே போகும் பத்துக் கனசதுரங்கள். பலகையில் உள்ள குழிகளில் சரியாகப் பொருந்தும் மர உருளைகள். ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று இடமில்லாமல் நிற்கும். டீச்சர் திட்ட வேண்டாம், தவற்றைப் பொருளே காட்டிக்கொடுக்கும். தவறு செய்தால் பொருந்தாத மாதிரி பாகத்தை வடிவமை என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தருவதும் இதைத்தான். மூன்று வயசுச் சிறுமி ஒருத்தி இந்த உருளைகளைச் சுற்றி நடந்த சத்தம் எதையும் கவனிக்காமல் 40 தடவைக்கு மேல் எடுத்து எடுத்துப் பொருத்தினாளாம். மரியா எண்ணிக்கொண்டிருந்தார்.

எழுத்துக்கு உப்புத்தாளில் வெட்டிய வடிவங்கள். விரலால் தடவித் தடவிப் பிள்ளை எழுத்தின் வடிவத்தைக் கற்றுக்கொள்ளும். விஜயதசமி அன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அது நினைவுக்கு வருகிறதா? நாம் அதை ஒரு நாள் சடங்காக நிறுத்திக்கொண்டோம். அவர் தினசரிப் பாடமாக வைத்தார்.

1909-இல் முதல் ஆசிரியர் பயிற்சி வகுப்பை நடத்தினார். அதன் பிறகு வாழ்நாள் முழுதும் அவர் அதிகம் செய்தது பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது அல்ல, ஆசிரியர்களைப் பயிற்றுவதுதான். பேசாமல் உட்கார்ந்து ஒரு பிள்ளையைக் கவனிப்பது, கவனித்ததை எழுதுவது, எப்போது உதவக் கூடாது என்று தெரிந்துகொள்வது ஆகியவை அந்தப் பயிற்சியின் முக்கியமான பாகம். முசோலினி அரசின் ஆதரவை 1920-களில் அவர் ஏற்றதும் உண்மை. 1934-இல் அந்த உறவு முறிந்து இத்தாலியை விட்டே வெளியேறினார். ஸ்பெயினிலும் போர் வரவே 1936-இல் நெதர்லாந்துக்குப் போனார்.

நம் கதையோடு அவர் கதை சேர்வது 1939-இல். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைக்க, நவம்பரில் மாரியோவோடு சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது வயது 69. ஓலைக் குடிசைகளில் வகுப்பு. இந்தியா முழுவதிலுமிருந்து 300-க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சிக்கு வந்தார்கள். மரியா இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். சில மாதங்களுக்கு என்று வந்தவர்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அந்த ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு வைஸ்ராய் தந்த பரிசு மாரியோவின் விடுதலை. வந்த செய்தியில் மாரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. மறைத்து வைத்த உறவை ஓர் அரசாங்கச் செய்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி மலை, செடி, பூச்சி எல்லாவற்றையும் பாடமாக்கினார். அகமதாபாத், கராச்சி, கொழும்பு என்று பயிற்சி வகுப்புகள் தொடர்ந்தன. அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1946-இல் ஐரோப்பா திரும்பியவர் அடுத்த ஆண்டே மறுபடி வந்து 1949 வரை பணியாற்றினார். 1952 மே 6-ஆம் நாள் நெதர்லாந்தில் காலமானார். கடைசி வரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். ஆனால் அவர் பாடம் எந்த மதத்துப் பிள்ளையையும் வாசலில் நிறுத்தவில்லை. கோயில் வாசலில் ஒரு பிள்ளையை நிறுத்தியது நான்தான்.

புத்தகத்தை மூடிய மறுவாரம் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவங்க உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் கூட்டி வந்தாங்க. மணி அடிக்கும் நேரம் முடிந்த பிறகு வரச் சொன்னோம். அகல் விளக்குகளைத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். நான் பேசாமல் உட்கார்ந்து பார்த்தேன். பெரியதிலிருந்து சிறியது வரை, ஒன்றுகூடத் தப்பாமல் அடுக்கினான். செருப்பையும் அன்று அப்படித்தான் அடுக்கியிருப்பான்!

இன்னும் தேவாரம் படிக்கவில்லை. சில நாள் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுகிறான். எங்களுக்குப் பயிற்சி போதாது என்பது எனக்குத் தெரியும். அக்கா மாதம் ஒரு முறை வந்து எங்களுக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்கள் கிளையிலும் ஞாயிறு வகுப்பு நடக்கிறது அல்லவா? அங்கே ஓர் ஓரத்தில் எதையோ அடுக்கிக்கொண்டு ஒரு பிள்ளை இருந்தால், வெளியே அனுப்பும் முன் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.