கடல் கடந்த நட்பு: மாமல்லர் நரசிம்மவர்மர்

கேளம்பாக்கத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே மாமல்லபுரம் செல்லும் அன்பர்கள், ஆங்குள்ள கற்கோயில்களைக் கண்டு மகிழ்ந்து மீள்வர். அவ்வூர்க்குத் தம் விருதுப்பெயரை ஈந்த பல்லவ வேந்தர் நரசிம்மவர்மர், கல்லில் மட்டுமன்றிக் கடலிலும் கருத்தூன்றியவர் என்பதை நினைப்பார் சிலரே.

தந்தையார் மகேந்திரவர்மர்க்குப் பின் கி.பி. 630 அளவில் இவர் அரியணை ஏறினார். காஞ்சியை நோக்கி வந்த சளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியை இவர் முறியடித்த களங்களுள் ஒன்று, தாம்பரத்திற்கு மேற்கேயுள்ள மணிமங்கலம். 642-இல் வாதாபி வீழ்ந்தது. அப்படையை நடத்திய பரஞ்சோதியாரே பின்னர்ச் சிறுத்தொண்ட நாயனாராய் விளங்கினார் என்பதைச் சிவனடியார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

நிற்க, கடலுக்கு வருவோம். அக்காலத்தில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், மூன்று நாள் கடற்பயணத்தில் ஈழம் அடையலாம் எனக் கேட்டறிந்தார். ஆயினும் அவர் செல்லவில்லை. அரசன் மாண்டு, நாட்டில் பஞ்சமும் கலகமும் மூண்டமையால், ஈழத்துப் பௌத்தத் துறவியரே காஞ்சிக்கு ஓடி வந்திருந்தனர். மூன்று நாள் தொலைவில் உள்ள நாட்டின் குழப்பம் துறைமுக அரசுக்கு அயலார் செய்தியாகுமோ?

அரசிழந்த ஈழத்து இளவரசர் மானவர்மரும் மாமல்லரிடம் அடைக்கலம் புகுந்தார். இவ்விருவர் நட்பைச் சூளவம்சம் என்னும் ஈழத்து நூல் விரித்துரைக்கின்றது. ஒருநாள் யானைமீது சென்ற மாமல்லர் இளநீர் பருகி, எஞ்சியதை ஏவலாளன் என்றெண்ணி மானவர்மரிடம் நீட்டினாராம். அவரோ நண்பரது எச்சிலில் இழிவு ஏது என்று பருகினார். அது கண்டு நாணிய வேந்தர், மீதியைத் தாமே வாங்கிப் பருகினார். சளுக்கியப் போரில் நண்பர் மடிந்தால் அவர்க்கு நாடு மீட்டுத் தரும் எண்ணம் பாழாகுமே என அஞ்சி, மாமல்லர் அவரை ஊரிலேயே விட்டுச் சென்றார். மானவர்மர் பொறாது பின்தொடர்ந்து சென்று களத்தில் உடன்நின்றார்.

இந்நட்பே கலங்களைக் கடலில் ஏற்றியது. முதற்படை ஈழத்தில் வென்றது; ஆனால் மாமல்லர் நோயுற்றார் என்ற செய்தி பரவவே, படையினர் திரும்பிவிட்டனர். மானவர்மர் மீண்டும் அகதியானார். கலமும் வீரரும் நிறைந்திருந்தும், மன்னரைப் பற்றிய ஒரு சொல் வெற்றியைக் கரைத்துவிட்டது!

இரண்டாம் முறை வேந்தர் ஓர் உபாயம் செய்தார். தாமே கலமேறிச் செல்வதுபோல் தோற்றுவித்துத் தம் அரச சின்னங்களை மானவர்மர்க்கு அளித்தார். மன்னரே முன்செல்கிறார் எனக் கருதிய சேனை முழுதும் கடலேறிற்று. ஈழ முடியும் மீண்டது.

அம்முடிசூட்டு 684-ஐ ஒட்டியதாகக் கணக்கிடப்படுதலின், இரண்டாம் படையை அனுப்பியவர் இவருடைய பெயரனின் மகன் இராசசிம்மரே என்பாரும் உளர். எனினும் காசக்குடிச் செப்பேடு ஈழவெற்றியை மாமல்லர்க்கே உரிமையாக்குகின்றது. மானவர்மர் 35 ஆண்டுகள் ஆண்டார். 1017-இல் சோழர் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடிக்கும் வரை ஈழத்து அரியணை அவர் வழியினரிடமே இருந்தது.