சேலத்து வக்கீல், சென்னைப் பிரதமர்: இராஜாஜியின் உருவப்படங்கள் வழியே ஒரு வாழ்க்கை

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி, கூட்ட அரங்கின் சுவரில் எவரெவர் படங்களை மாட்டுவது என்ற பேச்சு எழுந்ததை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாரதியார், பாவேந்தர், நாமக்கல் கவிஞர் ஆகியோர் படங்களுக்கு மறுப்பு எழவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் இராஜாஜியின் படமும் வேண்டும் என்றார். அவை சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பின்னர் இருவர் எழுந்து வெளியே சென்றனர். முடிவு எட்டப்படாமலேயே அன்றைய கூட்டம் கலைந்தது. மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, முடிவுறாத அந்த வழக்கையே எடுத்துக்கொள்ளத் துணிந்தேன். ஒருவரின் படத்தை மாட்டுவதா, வேண்டாவா என்று முடிவு செய்யுமுன், அவர் எந்தெந்தப் படங்களில் எவ்வாறெல்லாம் நின்றார் என்று பார்ப்பது நல்லது அன்றோ?

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். இன்று பிரதமர் என்றால் தில்லியில் இருப்பவர் ஒருவரே. 1937 முதல் 1950 வரை நிலைமை வேறு. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி மாகாணங்களில் பொறுப்பாட்சி அமைந்தபோது, மாகாண அமைச்சரவையின் தலைவரைப் பிரதம மந்திரி என்றே வழங்கினர். 1950 ஜனவரி 26இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகே முதலமைச்சர் என்னும் பெயர் நிலைபெற்றது. 1937 ஜூலை 14ஆம் நாள் சென்னை மாகாணத்தில் காங்கிரசின் முதல் அமைச்சரவையை அமைத்துப் பிரதம மந்திரியானவர் சேலத்தில் வக்கீல் தொழில் புரிந்த சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். அவரது அமைச்சரவையில் இடம்பெற்ற டாக்டர் ப. சுப்பராயன் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை, இரட்டையாட்சிக் காலத்தில், மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர். மாகாணத்தின் ஆட்சித் தலைமையில் முன்பு இருந்த ஒருவரும் அன்று இருந்த ஒருவரும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தனர். இருவரும் பழைய சேலம் மாவட்டத்தவர். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வியக்கிறார்கள்.

இராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10. ஊர் ஒசூரை அடுத்த தொரப்பள்ளி. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னையிலும் பயின்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். அதே காலத்தை ஒட்டி ஈரோடு நகராட்சித் தலைவராக விளங்கியவர் ஈ.வெ. இராமசாமி நாயக்கர். இருவர்க்கும் நட்பு முளைத்தது அந்நாளில்தான். இதனைப் பின்னர்ப் பேசுவோம்.

தமிழாசிரியராகிய எனக்குச் சேலத்து வக்கீல் இராஜாஜியிடம் மிகவும் பிடித்த செயல் அரசியல் சார்ந்தது அன்று. 1916இல் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று சேலத்தில் ஒரு சங்கம் கண்டவர்களுள் அவரும் ஒருவர். வடசொல் மிகுந்த கலைச்சொற்களே அன்று உருவாயின என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் ஒரு மாவட்டத் தலைநகரில், பல்கலைக்கழகத்தின் துணை ஏதுமின்றி, வேதியியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று நம்பியவர்களைக் குறைத்து மதிப்பிட என் மனம் இடந்தரவில்லை.

1919இல் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு சென்னை வந்த காந்தியடிகள் தங்கியது இராஜாஜியின் இல்லத்தில். பாரதியார் காந்தியடிகளைக் காண வந்ததும் அவ்வீட்டுக்கே. அச்சந்திப்பின் நிழற்படம் ஒன்று இருந்திருப்பின் நம் அரங்கின் சுவருக்கு வேறு படமே வேண்டியிருக்காது. ஆனால் அந்த அறையில் எவர் கையிலும் நிழற்படக் கருவி இல்லை, வ.ரா.வின் எழுத்துத்தான் நமக்குக் கிடைத்த ஒரே படம்.

1921 இறுதியில் மூன்று மாதச் சிறைத்தண்டனை. வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதினார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் அளித்த நிலத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். குடும்பத்தோடு அங்குக் குடிசையில் வாழ்ந்தார். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்களோடு ஒன்றாக உண்டு, ஒன்றாக நூற்ற ஆசிரமம் அது. மதுவிலக்குக்கென்று விமோசனம் என்ற இதழை அங்கிருந்து நடத்தினார். அதில் துணை நின்ற இளைஞர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. பொன்னியின் செல்வனை எழுதிய கை, கள்ளின் கேட்டைச் சொல்லும் கதைகளில் பயின்றது நம் வட்டாரத்தில்தான்.

1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக நடைப்பயணம். அப்பயணத்துக்கு வழிநடைப்பாடல் எழுதித் தந்தவர் நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளை. அவர் அதற்கு முன்பே உருவப்பட ஓவியராகப் பெயர் பெற்றிருந்தவர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் படத்தை வரைந்து தில்லியில் பதக்கம் பெற்றவர். மன்னரின் முகத்தை வரைந்த கையே மன்னரின் உப்புச் சட்டத்தை மீறச் செல்வோர்க்குப் பாட்டும் எழுதியது. அவர் இராஜாஜியின் உருவத்தை வண்ணத்தில் தீட்டியிருந்தால் அது எவ்வாறு இருந்திருக்கும் என்று சில வேளை எண்ணிப் பார்ப்பதுண்டு.

பிரதம மந்திரியாக அவர் இருந்தது இரண்டேகால் ஆண்டுதான். 1937 அக்டோபர் முதல் நாள் இந்தியாவிலேயே முன்னோடியாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். ஜலகண்டாபுரமும் அம்மாவட்டத்துள் அடங்கியதே. கள்ளுக்கடை மூடப்பட்ட ஊர்களுள் நம்முடையதும் ஒன்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. 1938இல் உழவர் கடன் நிவாரணச் சட்டம். 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார் குலத்தவரும் நுழைந்தபோது, அதில் ஈடுபட்டோரைச் சட்டத்தின் பிடியிலிருந்து காக்க அரசு விரைந்து செயல்பட்டது.

இது ஒரு படம். மறுபக்கத்துப் படமும் உண்டு. அதனை மறைத்துவிட்டு எழுதுவது கட்டுரை ஆகாது. 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து என்ற இரு இளைஞர்கள் 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்தனர். கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க விழைந்த சேலத்து வக்கீல், ஆட்சி நாற்காலியில் அமர்ந்தபின் தமிழ் உணர்வின் வலிமையை ஏன் அளந்தறியவில்லை என்பது எனக்கு இன்றும் விடுபடாத புதிர். 1939 அக்டோபரில், போரில் இந்தியாவை அதன் இசைவின்றி ஈடுபடுத்தியதை எதிர்த்து அமைச்சரவை விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் கட்டாய இந்தியை விலக்கிக்கொண்டார்.

அந்நாளிலிருந்து இராஜாஜிக்கு இரு பெயர்கள் நிலைத்தன. ஒரு சாரார்க்கு அவர் மூதறிஞர் இராஜாஜி. மற்றொரு சாரார்க்கு ஆச்சாரியார். இன்னும் கூர்மையாகக் குல்லுக பட்டர். மொட்டைத் தலை, கறுப்புக் கண்ணாடி, தோளில் துண்டு, கையில் தடி என நான்கு கோடுகளில் அடங்கிவிடும் உருவம் அவருடையது. அதனால் கேலிச்சித்திரக்காரர்க்கு அவர் எளிய பொருளானார். போற்றியவர்க்கு அக்கண்ணாடி சிந்தனையின் திரை. தூற்றியவர்க்குச் சூழ்ச்சியின் திரை. கண்ணைக் காட்டாத முகத்தில் அவரவர் விரும்பியதை எழுதிக்கொண்டனர்.

சொந்தக் கட்சியாரும் அவரை விட்டுவைக்கவில்லை. 1942இல், முஸ்லிம் லீகின் கோரிக்கையைக் காங்கிரஸ் கொள்கையளவில் ஏற்றுப் பேச வேண்டும் என்று கூறி அவர் தனித்து நின்றார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தையும் ஏற்கவில்லை. பம்பாய் மாதுங்காவில் நடந்த கூட்டத்தில் அவர்மீது தார் வீசப்பட்டது. காங்கிரசிலிருந்தும் சட்டமன்ற உறுப்பினர் பதவியிலிருந்தும் விலகினார்.

அதன்பின் ஆறே ஆண்டுகள். 1948 ஜூன் 21இல் அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர், கடைசியானவரும் அவரே. அவ்வாண்டு ஜூலை 24ஆம் நாள் சென்னைச் சட்டமன்றத்தில் காந்தியடிகளின் படத்தை அவர் திறந்துவைத்தார். ஒரு திங்கள் கழித்து, ஆகஸ்ட் 23ஆம் நாள், அதே மன்றத்தில் இராஜாஜியின் உருவப்படத்தைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். தார் பட்ட உருவத்துக்கு எண்ணெய் வண்ணம் தீட்டி மன்றத்தில் மாட்ட ஆறாண்டு போதுமாயிருந்தது. வாழும் காலத்திலேயே ஒருவர் படத்தை மன்றத்தில் மாட்டுவது முறையா என்று கேட்கலாம். முறையன்று என்பதே என் கருத்து. ஏனெனில் படம் மாட்டப்பட்டபின் அவர் இன்னும் இருபத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தார், படத்துக்குப் பொருந்தாத செயல்கள் பல செய்தார்.

இங்கே இங்கிலாந்துப் பிரதமர் ஒருவரின் படம் நினைவுக்கு வருகிறது. 1954 நவம்பர் 30இல், சர்ச்சிலின் எண்பதாம் பிறந்தநாளில், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கிரகாம் சதர்லாந்து என்ற ஓவியரைக் கொண்டு தீட்டிய உருவப்படத்தை அவருக்கு வழங்கின. முதுமையின் தளர்ச்சியை ஒளிக்காமல் காட்டிய அப்படத்தைச் சர்ச்சில் வெறுத்தார். அவர் மனைவியின் விருப்பப்படி அது அழிக்கப்பட்டதை உலகம் 1978இல்தான் அறிந்தது. அதே 1978இல், தில்லி நாடாளுமன்ற மைய மண்டபத்தில் இராஜாஜியின் படத்தைக் குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி திறந்துவைத்தார். ஒரு நாட்டில் அழிந்த படத்தின் செய்தியும் மறுநாட்டில் ஏற்றப்பட்ட படத்தின் செய்தியும் ஒரே ஆண்டினவாய் அமைந்தது தற்செயலே.

1952 ஏப்ரலில் மீண்டும் சென்னையின் ஆட்சித் தலைமை, இம்முறை முதலமைச்சர் என்ற பெயரில். தேர்தலில் நில்லாமல், மேலவைக்கு நியமனம் பெற்று வந்தார் என்ற குறை தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. உணவுக் கட்டுப்பாட்டை நீக்கித் துணிவு காட்டினார். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மைய அரசோடு வழக்காடினார்; தறி ஓசை கேட்டு விழிக்கும் நம் ஊரார் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். ஆனால் 1953இல், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் போராடினர். திராவிட இயக்க நாடகாசிரியர் ஜலகண்டாபுரம் ப. கண்ணனைத் தந்த இம்மண்ணில், தறிக்குழியிலிருந்து பிள்ளையைத் தூக்கிப் பள்ளிக்கு அனுப்ப நினைத்த குடும்பங்களுக்கு அத்திட்டம் எவ்வாறு கேட்டிருக்கும் என்று நான் விளக்க வேண்டுவதில்லை. 1954 ஏப்ரலில் அவர் விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அன்றைய கூட்டத்தில் எழுந்து சென்ற இருவரின் சினம் வெறும் கட்சிச் சினம் அன்று. அதற்கு வேர் உண்டு.

பதவி போனபின் எழுத்து பெருகியது. வியாசர் விருந்து, சக்கரவர்த்தித் திருமகன் ஆகியவற்றின் உரைநடையை என் மாணவியர்க்கு நான் இன்றும் எடுத்துக்காட்டுவேன். சின்னஞ்சிறு வாக்கியங்கள், அலங்காரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. சக்கரவர்த்தித் திருமகனுக்கு 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. 1959இல் சுதந்திராக் கட்சி. 1962 செப்டம்பரில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு கேட்க, எண்பத்துமூன்றாம் வயதில் வாஷிங்டன் சென்று கென்னடியைக் கண்டார். வெள்ளை மாளிகையில் கதருடுத்து அமர்ந்திருக்கும் அந்நிழற்படம் அவர் படங்களுள் எனக்கு மிகவும் விருப்பமானவற்றுள் ஒன்று. 1967இல், தம்மைக் குல்லுக பட்டர் என்ற அண்ணாவோடே கூட்டணி கண்டு காங்கிரசை வீழ்த்தத் துணைநின்றார். 1938இல் இந்தியைப் புகுத்தியவர் அறுபதுகளில் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுதினார். இதனை மனமாற்றம் என்பாரும் உளர், சந்தர்ப்பம் என்பாரும் உளர். தவற்றை உணர்ந்த முதியவரின் செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது. மெய்ப்பிக்க என்னிடம் சான்று இல்லை.

இன்று சட்டமன்றச் சுவரில் அவர் தனித்து இல்லை. 1964இல் வள்ளுவர் வந்தார். ஒருவரும் கண்டிராத அம்முகத்தை வேணுகோபால் சர்மா தீட்டித் தந்தார். 1969இல் அண்ணா வந்தார், 1977இல் காமராசர் வந்தார். பெரியாரும் வந்து சேர்ந்தார். அவையில் ஒருவரை ஒருவர் எதிர்த்தவர்கள் சுவரில் அருகருகே இருக்கிறார்கள்.

1972 டிசம்பர் 25இல் இராஜாஜி மறைந்தார். இறுதிச் சடங்குக்குப் பெரியார் வந்தார். வயது தொண்ணூற்றுமூன்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, கண்ணீரை மறைக்க முயலாமல் அழுதார். சேலம் நகராட்சித் தலைவருக்கும் ஈரோடு நகராட்சித் தலைவருக்கும் இடையே முளைத்த நட்பு, அரை நூற்றாண்டுப் போராட்டத்தின் ஊடே அறுபடாமல் இருந்திருக்கிறது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1973 டிசம்பர் 24இல், பெரியாரும் மறைந்தார். இறுதிச் சடங்கில் எடுத்த அந்த நிழற்படம் பலமுறை அச்சில் வந்துள்ளது. அதில் இராஜாஜியின் முகம் முதன்மையாக இல்லை, அழுகின்ற பெரியாரின் முகமே உள்ளது.

நம் அரங்கின் சுவருக்கு அந்தப் படத்தையே அடுத்த கூட்டத்தில் முன்மொழிய எண்ணியுள்ளேன். அன்று எழுந்து சென்ற இருவரும் தவறாமல் வருதல் வேண்டும் என்று இம்மலர் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.