சேர் தோமஸ் லிப்டனும் தம்பேதன்னையின் கொழுந்துக் கூடையும்

ஏகாதிபத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் படைகளும் போர்க்கப்பல்களுமே நமது நினைவுக்கு வருகின்றன. ஊவா மலைகளுக்கோ அது தேயிலை வணிகமாக வந்து சேர்ந்தது. அதனை விளங்கிக்கொள்ளச் சேர் தோமஸ் லிப்டனின் வாழ்க்கை நமக்குப் பெரிதும் உதவும்.

1848 இல் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார் லிப்டன். இளமையில் அமெரிக்கா சென்று வயல்களிலும் கடைகளிலும் கூலிக்கு உழைத்தார். நாடு திரும்பி 1871 இல் திறந்த சிறு மளிகைக் கடை, பிரித்தானியா எங்கும் கிளைகளாகப் பரவியது. அவர் உழைப்பால் உயர்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

1869 இல் பரவத் தொடங்கிய இலை நோயினால் கோப்பி அழிந்து, தோட்டங்கள் மலிவு விலைக்கு வந்திருந்த காலம் அது. 1890 இல் இலங்கை வந்த லிப்டன், அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற ஒறாபி பாஷா, 1883 முதல் இதே தீவில் நாடு கடத்தப்பட்டவராக வாழ்ந்துகொண்டிருந்தார். 1892 இல் சாஹிரா பாடசாலை உருவாக ஊக்கமளித்தவராக முஸ்லிம்கள் அவரை இன்றும் நன்றியுடன் நினைவுகூருகின்றனர். எதிர்த்தவருக்குச் சிறையாகவும் வணிகருக்குத் தோட்டமாகவும் ஒரே தீவு அமைந்தமை ஏகாதிபத்தியத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றது.

இடைத்தரகரைத் தவிர்த்து, தேயிலையைச் சிறு பொதிகளில் குறைந்த விலைக்கு விற்றதே லிப்டனின் வெற்றியாகும். அவரது விளம்பரங்களில் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணின் உருவம் இடம்பெற்றது. ஆனால் மலையகத் தோட்டங்களில் அக்கூடையைச் சுமந்தவர்களோ, தமிழகக் கிராமங்களின் வறுமையிலிருந்து வந்து, கங்காணியிடம் பட்ட கடனில் கட்டுண்டு கிடந்தனர். கடனோடு தொழிலாளியைக் கைமாற்றிய துண்டு முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது.

1898 இல் சேர் பட்டம் பெற்ற லிப்டன், அமெரிக்கக் கிண்ணப் படகுப் போட்டியில் ஐந்து முறை தோற்றும் புகழ் பெற்றார். 1931 ஒக்டோபரில் மறைந்தபோது, சொத்தின் பெரும்பகுதியைப் பிறந்த நகரின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விட்டுச் சென்றார். அந்த வள்ளன்மையை நாம் மறுக்கவில்லை. அச்செல்வம் விளைந்த மலைகளில் வாழ்ந்த ஏழைகளின் பங்கு என்ன என்றே கேட்கின்றோம்.

அதே 1931 இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. வதிவிட நிபந்தனைகளுக்கு உட்பட்டேனும் தோட்டத் தொழிலாளரும் வாக்களித்தனர். 1947 இல் பதுளை உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்றது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதன் பின்வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவ்வுரிமையைப் பறித்தன. நாடற்றவர் என்ற சொல் மலையகத்தின் அடையாளமாயிற்று. எஞ்சியோரின் பிரஜாவுரிமைக்கு 2003 இன் சட்டமே வழி திறந்தது.

ஆயினும் காணியும் வீடும் பலருக்கு இன்னும் கிட்டவில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் குடியிருப்புகளை மண்சரிவு மூடியமை அதன் கொடிய சாட்சியாகும். தம்பேதன்னை மலையுச்சியில் லிப்டன் பெயரால் ஓர் ஆசனம் இருக்கின்றது. அங்கிருந்து பார்ப்போர் கண்ணுக்குக் கீழேயுள்ள லயன்களும் தெரிய வேண்டும். அங்கு வாழ்வோருக்குச் சொந்தக் காணி கிடைக்கும்வரை லிப்டன் விட்டுச் சென்ற கணக்கு முடிந்ததாக நாம் கொள்ள இயலாது.